கல்லெழுத்து முதல் கணினி எழுத்து வரை

இசை காற்றில் பிறந்து காற்றில் மறைவது. பாடுவார் வாய் மூடியவுடன் பாட்டும் ஓய்ந்துவிடுகிறது. அதனை மீண்டும் எழுப்ப வேண்டுமாயின், கேட்டவர் நெஞ்சில் அது தங்கியிருத்தல் வேண்டும். அன்றேல் எழுத்தில் ஏறியிருத்தல் வேண்டும். நெஞ்சில் தங்கியது அந்நெஞ்சோடு மறையும். எழுத்தில் ஏறியதோ எழுதியவர் மறைந்த பின்னும் படிப்பார்க்காகக் காத்திருக்கும்.

இக்காலத்தில் கணினி என்னும் எந்திரம் எழுத்தைப் படித்து இசைக்கருவிக்கு ஆணையிடுகிறது. 'ச ரி க ம' என்று வரிசையாகத் தட்டச்சு செய்து தந்தால், அதனுடன் இணைத்த மின்னிசைக் கருவி அவ்வரிசையை ஒலிக்கிறது. கருவிகளுக்கிடையே இந்த ஆணைகளைக் கொண்டுசெல்லும் பொதுமொழிக்கு 'மிடி' என்று பெயர். இஃது அயலார் கண்ட புதுமை என்றும், தமிழ் மரபுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணுவார் உளர். மிடி அயலார் கண்டதே. ஆயின் இசையை எழுத்தாக்கும் முயற்சி தமிழ் நிலத்தில் மிகத் தொன்மையானது. அதன் வெற்றியும் இழப்பும் இன்றைய எந்திரத்தின் முன் அமரும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பாடமாக அமையத்தக்கவை.

கல்லில் பதிந்த ஒலி

ஈரோட்டுக்கு அருகில் உள்ள அறச்சலூரில், பொது ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் த, தா, தை, தே முதலிய ஒலிகள் ஐந்து வரிசையாக, வரிசைக்கு ஐந்தாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே அமைப்பு வருமாறு அவை கட்டப்பட்டுள்ளன. ஆடலுக்கோ தாளத்திற்கோ உரிய சொற்கட்டு அது என்பர் அறிஞர். அதனைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்னும் பெயரும் அங்கேயே காணப்படுகிறது. அரசன் பெயரையும் கொடையையும் பொறிக்கும் கல்லில் தாள ஒலிகளையும் பொறித்தல் தகும் என்று ஒருவன் எண்ணியிருக்கிறான்.

அடுத்துக் காணத்தக்கது புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலை. அங்குள்ள பாறையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிய இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. 1904ஆம் ஆண்டில் கிருஷ்ண சாஸ்திரியார் இதனைக் கண்டறிந்தார். ஏழு பகுதிகளாக, ஏழு கிராம இராகங்களுக்கு உரிய சுர வரிசைகள் நான்கு நான்கு எழுத்துகளாக அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுரமும் ஒரே எழுத்தாக நில்லாமல் அ, இ, உ, எ என்னும் உயிரொலிகள் ஏறி 'ர, ரி, ரு, ரெ' என்றாற்போல வேறுபடுகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன. இறுதியில் உருத்திராச்சாரியாரின் மாணாக்கனாகிய ஓர் அரசன் இதனைச் செய்வித்தான் என்ற குறிப்பும், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் தமிழ்க் குறிப்பும் இருக்கின்றன. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது பலர் கருத்து, மறுப்பாரும் உளர்.

ஈண்டு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்துகள் சிதையாமல் நிற்கின்றன. ஆனால் அப்புள்ளிகள் எதனைக் குறித்தன, அவ்வுயிரொலி மாற்றம் எத்தகைய நுட்பத்தைக் காட்டிற்று என்பதில் அறிஞரிடையே கருத்து ஒன்றுபடவில்லை. குறிப்பைப் பொறித்தவர் குறிப்பின் விளக்கத்தைப் பொறிக்கவில்லை. அக்காலத்து மாணாக்கருக்கு விளக்கம் தேவைப்படவில்லை; ஆசிரியர் அருகிருந்தார். ஆசிரியர் தொடர்பு அற்ற பின் புள்ளி ஊமையாயிற்று.

ஏட்டில் நின்ற சொல், ஏட்டினின்று நழுவிய பண்

தமிழர் சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டனர். ஏழு நெட்டெழுத்துகளை அவற்றின் குறியீடாக நிகண்டுகள் கூறும். சிலப்பதிகார உரைகள் பன்னிரண்டு இராசிகளைக் கொண்ட வட்டத்தில் சுரங்களை நிறுத்திப் பாலைகளைப் பிறப்பிக்கும் முறையை விளக்குகின்றன. ஒரு தானத்தைப் பன்னிரண்டு இடங்களாக வகுத்த அறிவு இவ்வாறு ஏட்டில் பதிந்தது. இசையிலக்கணம் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட மொழியில் பாட்டின் இசையும் எழுதப்பட்டிருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்.

அவ்வாறு நிகழவில்லை. பரிபாடல் இதற்குச் சான்று. எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுட் பலவற்றின் கீழ்ப் பாடலை இயற்றியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நல்லச்சுதனார் ஆகியோர் இசை வகுத்த பெருமக்கள். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன பண்கள். இசையமைத்தவரின் பெயரைப் புலவரின் பெயரோடு இணையாக வைத்துப் போற்றிய சமுதாயம் அது. எனினும் அவர் அமைத்த இசையில் ஓர் அடியேனும் இன்று கையில் இல்லை. பெயர் எழுதப்பட்டது, இசை எழுதப்படவில்லை.

தேவாரத்தின் வரலாறும் இதனையே வேறு முறையில் உணர்த்துகிறது. பதிகங்களின் ஏடுகள் தில்லையில் மீட்கப்பட்டபோது பண்முறை தெரியவில்லை என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். சொல்லைச் செல்லரித்த ஏட்டிலிருந்து மீட்க முடிந்தது. பண்ணை மீட்க ஒரு குடும்பத்தின் குரலைத் தேட வேண்டியிருந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் அமர்த்திய செய்தியைக் கல்வெட்டு காட்டுகிறது. அவர்கள் பெற்ற நெல்லின் அளவு கல்லில் உள்ளது. பாடிய மெட்டு கல்லில் இல்லை.

இன்று ஓதுவார் மரபில் கொல்லி, கொல்லிக்கௌவாணம், காந்தாரம், பியந்தைக் காந்தாரம் ஆகிய நான்கு பண்களும் நவரோசு என்னும் ஓர் இராகத்திலேயே பாடப்படுகின்றன. முன்னோர் நான்கு பெயர் இட்டது நான்கு வேறுபாடுகளைக் கண்டதனாலேயே ஆகும். அவ்வேறுபாடு எழுத்தில் ஏறாமையால் காலப்போக்கில் ஒன்றனுள் ஒன்று கரைந்தது என்று கருதுதல் பொருந்தும்.

அச்சும் சுரக்குறிப்பும்

அச்சு எந்திரம் பரவிய 19ஆம் நூற்றாண்டில் இக்குறையை நீக்கும் முயற்சி வேகம் பெற்றது. சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களில் தென்னக இசையை ஐரோப்பியக் கோட்டுக்குறிப்பில் எழுதி வெளியிட்டார். கீர்த்தனைகள் அழிந்துவிடும் என்ற அச்சமே அவரைத் தூண்டியது. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் தம் குடும்ப மரபில் காத்துவந்த இசைச் செல்வத்தை வெளிப்படுத்துவதற்கும் அவருடைய தூண்டுதல் துணைநின்றது.

அதன் பயனாக 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. குடுமியான்மலைக் கல்வெட்டு கண்டறியப்பட்ட ஆண்டும் அதுவே. தெலுங்கு எழுத்தில் வெளிவந்த அப்பெருநூல் சுரங்களை மட்டும் தந்து நிற்கவில்லை. கம்பிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒடுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு எனச் சுரத்தின் அசைவுகளுக்குத் தனித்தனி அடையாளங்களை வகுத்து, எழுத்தின் மேல் இட்டுக் காட்டியது. அவ்வடையாளங்களின் பொருளையும் முன்னுரையில் விளக்கியது. குடுமியான்மலையில் இல்லாமற்போன விளக்கம் இங்கே இடம்பெற்றது. பின்னர் சென்னை மியூசிக் அகாதெமி 1961ஆம் ஆண்டு முதல் அதனைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தமிழாசிரியர்கள் சிறப்பாக நினைக்கத்தக்கவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பணியாற்றிய பின்னரே அவர் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றார். 1912ஆம் ஆண்டு முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் பொருட்செலவில் கூட்டினார். 1916ஆம் ஆண்டு பரோடாவில் நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டில், ஒரு தானத்தில் சுருதிகள் 24 என்னும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவருடைய புதல்வியர் வீணையில் வாசித்துக் காட்டினர். 1917ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. சுருதிகளைக் கணக்கிட்டு எண்களாக நிறுத்திக் காட்டிய நூல் அது. அவர் முடிவை ஏற்பினும் மறுப்பினும், இசையை எண்ணால் அளந்து எழுதலாம் என்று தமிழில் துணிந்து காட்டிய பெருமை அவருக்கு உரியது. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட 'யாழ்நூல்' அவ்வழியில் மேலும் சென்று, மறைந்த யாழின் நரம்புகளைக் கணிதத்தால் மீட்க முயன்றது.

தமிழிசை இயக்கம் எழுந்த 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் நூல்வரிசையாக வெளியிட்டது. மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டுமாயின் கற்பிப்பார் கையில் குறிப்பு இருத்தல் வேண்டும் என்பதை அப்பெருமக்கள் உணர்ந்திருந்தனர்.

எந்திரம் எழுத்தைப் படித்த கதை

இதே காலத்திற்குச் சற்றுப் பின்னர் அமெரிக்காவில் வேறொரு முயற்சி தொடங்கியது. 1957ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்னும் பொறியியலார் ஐ.பி.எம். 704 கணினியைக் கொண்டு 17 நொடி நீளமுள்ள இசைத் துணுக்கு ஒன்றை ஒலிக்கச் செய்தார். இசையை எண்களாகவும் எழுத்துகளாகவும் எழுதித் தந்தால் எந்திரம் அதனை ஒலியாக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வழியில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாரி வெர்கோ 'சிசவுண்ட்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதில் இரண்டு ஏடுகள் உண்டு. ஓர் ஏட்டில் கருவியின் இயல்பு எழுதப்படும். மற்றோர் ஏட்டில் அக்கருவி வாசிக்க வேண்டிய சுரம், நேரம், நீளம் ஆகியவை எழுதப்படும். 1980களில் வந்த சில வீட்டுக் கணினிகளிலும் சுர எழுத்துகளைச் சரமாகத் தட்டச்சு செய்து இசைக்கவைக்கும் கட்டளை இடம்பெற்றிருந்தது.

இவ்வகை முயற்சிகளுள் பொதுமக்களுக்குப் பெரிதும் பயன்பட்டது 'ஏபிசி' குறிமுறை. இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் வால்ஷா 1990களின் தொடக்கத்தில் இதனை வகுத்தார். மேலைச் சுரப்பெயர்களாகிய ஏழு எழுத்துகளையும், நீளத்தைக் காட்டும் எண்களையும், தாளத்தைக் காட்டும் கோடுகளையும் தட்டச்சுப் பலகையிலுள்ள குறிகளாலேயே எழுதலாம். தலைப்பு, தாளம், ஆதார சுரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் உண்டு. சிற்றூர்களில் வழிவழியாக வாசிக்கப்பட்ட ஆங்கில, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டுகள் பல்லாயிரம் இம்முறையில் எழுதப்பட்டுவிட்டன. அவ்வேலையில் ஈடுபட்டோருட் பலர் நாட்டார் இசையில் பற்றுக்கொண்ட சாதாரண மக்களே. ஒரு பாட்டுக்கு ஐந்தாறு வரி எழுத்துப் போதும் என்ற எளிமையே இதனை இயலச் செய்தது.

மிடி என்னும் பொதுமொழி

எழுத்தைப் படிக்கும் எந்திரம் ஒருபுறம். ஒலிக்கும் கருவி மறுபுறம். இரண்டையும் இணைக்கும் மொழி ஒன்று தேவைப்பட்டது. 1980களின் தொடக்கம் வரை ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாது. அமெரிக்கரான டேவ் ஸ்மித் 1981ஆம் ஆண்டு பொது இணைப்பு முறை ஒன்றை முன்மொழிந்தார். ஜப்பானைச் சேர்ந்த ரோலண்டு நிறுவனத்தின் இக்குதாரோ காக்கேஹாஷி அதற்கு வலுவூட்டினார். 1983ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் விசையை அழுத்த மற்றொன்று ஒலித்தது. அதுவே மிடியின் அரங்கேற்றம். போட்டி நிறுவனங்கள் ஒரு பொதுமொழியை ஏற்றுக்கொண்ட இந்நிகழ்ச்சிக்காக அவ்விருவருக்கும் 2013ஆம் ஆண்டு தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை, ஆணையே செல்கிறது. இதனை முதலில் தெளிந்துகொள்ளுதல் நன்று. ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்ய மூன்று எண்கள் போதும். முதல் எண் 'ஒலி தொடங்குக' என்ற கட்டளையையும் அஃது எந்தத் தடத்திற்கு உரியது என்பதையும் கூறும். இரண்டாவது எண் சுரத்தின் இடத்தைக் கூறும். மூன்றாவது எண் விசையை அழுத்திய வேகத்தைக் கூறும். இம்மூன்றும் கம்பியைக் கடக்க ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். தடங்கள் 16, சுர இடங்கள் 0 முதல் 127 வரை. ஒலியை நிறுத்தத் தனிக் கட்டளை வேண்டும். அதனை அனுப்ப மறந்தால் சுரம் ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கட்டைச் சுருதியின் நடுச் சட்சத்திற்கு உரிய எண் 60. மாணவர் முதலில் கற்கும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அதன் ஏறுநிரல் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்றாகும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார்க்கு ஒவ்வோர் எண்ணோடும் 7 கூட்டினால் போதும். ஆதி தாளத்திற்கு நான்கு, இரண்டு, இரண்டு எனப் பிரித்துக் கோடிட்டு எழுதினால் மென்பொருள் அக்கணக்கையும் அறிந்துகொள்ளும். பன்னிரண்டு இராசி வட்டத்தைப் படித்த தமிழ் மாணவருக்கு இவ்வெண்கள் அயலானவை அல்ல.

கருவியை நிறுவும் முறையும் அரியதன்று. பழைய கருவியாயின் ஐந்து முனைக் கம்பி வேண்டும். ஒன்றின் 'வெளியே' என்ற துளையிலிருந்து மற்றொன்றின் 'உள்ளே' என்ற துளைக்கு அது செல்ல வேண்டும். புதிய கருவிகளைக் கணினியோடு யூ.எஸ்.பி. கம்பியாலேயே இணைக்கலாம். பின்னர் மென்பொருளில் அக்கருவியின் பெயரை வெளியீட்டிடமாகத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். எழுத்தேட்டில் குறித்த தட எண்ணும் கருவியில் வைத்த தட எண்ணும் ஒத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரே ஒரு சட்சத்தை அனுப்பிப் பார்த்தல் வேண்டும். ஒலி எழாவிடின் கம்பியின் திசை, கருவியின் பெயர், தட எண் என்னும் மூன்றையும் இவ்வரிசையில் ஆராய்ந்தால் பெரும்பாலும் பிழை தென்படும். மின்னிசைக் கருவியே இல்லாத பள்ளியிலும், ஒலிகளைத் தன்னுள் கொண்ட மென்பொருளைக் கருவியாகக் கொண்டு இதனைச் செய்யலாம்.

தமிழ்த் திரையிசை இம்மொழியை விரைவில் ஏற்றது. 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினிவழி இசைக்கோப்பைக் கையாண்டார். 1992இல் 'ரோஜா' வழியாக அறிமுகமான ஏ. ஆர். ரகுமான் அம்முறையைத் தம் இசையின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டார்.

கமகம் வைத்த தேர்வு

எனினும் மிடி பிறந்தது விசைப்பலகை நாட்டில். விசையை அழுத்தினால் ஒலி, விட்டால் அமைதி. வீணையின் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் இசையை அதன் முதல் அமைப்பு எண்ணிப் பார்க்கவில்லை. 1991ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பொதுக் கருவிப் பட்டியலில் 128 ஒலிகள் உள்ளன. அவற்றுள் சித்தாரும் ஷெனாயும் இடம்பெற்றன. வீணை இல்லை, நாதசுவரம் இல்லை, மிருதங்கமும் இல்லை. பட்டியல் எழுதப்பட்ட மேசையில் தமிழிசை அறிந்தார் அமர்ந்திருந்தால் இந்நிலை மாறியிருக்கக்கூடும்.

சுரத்தை வளைப்பதற்கு மிடியில் தனிக் கட்டளை உண்டு. வழக்கமான அமைப்பில் இரண்டு அரைச்சுரம் மேலும் இரண்டு அரைச்சுரம் கீழுமாக, 16,384 படிகளில் அதனை வளைக்கலாம். பண்டிதர் கூறிய 24 சுருதிகளையும் இதனால் தொட்டுவிடலாம். ஆனால் எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு, எத்துணை விரைவாக வளைப்பது என்பதை எழுதுவோரே கூற வேண்டும். 'தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பாடு' என்று ஆசிரியர் மாணவரிடம் கூறினால் மாணவர் ஆசிரியரைப் பார்த்துப் பாடுவார். எந்திரமோ அசைவின் அளவைக் கேட்கும். வாய்வழிக் கல்வியில் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் எந்திரம் சொல்லச் சொல்கிறது. அதன் குறை என்று தோன்றும் இதுவே அதன் பெரும் நன்மையாகும்.

இத்தேர்வை ஏற்று உழைத்தோர் உளர். சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் 'காயகா' என்னும் மென்பொருளை உருவாக்கினார். சுர எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் அது வீணை, குழல் போன்ற ஒலிகளில் இசைக்கும். கமகங்களையும் எழுத்தாலேயே வரையறுக்கலாம். வெறுஞ் சுரக்குறிப்பிலிருந்து கமகம் நிறைந்த இசையைப் பெறுவது குறித்து 2012ஆம் ஆண்டில் அவர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். மலேசியாவுக்கு அண்மையிலேயே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் இதே பொருளை முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்டு 2013ஆம் ஆண்டில் ஆய்வேடு அளித்தார். மிடியும் தன்னைத் திருத்திக்கொண்டது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் முறை 2018ஆம் ஆண்டும், மிடியின் இரண்டாம் பதிப்பு 2020ஆம் ஆண்டும் ஏற்கப்பட்டன. சுப்பராம தீட்சிதர் எழுத்தின் மேல் இட்ட அடையாளங்களும் இன்றைய மென்பொருள் கேட்கும் அளவுகளும் ஒரே கேள்விக்குத் தரப்பட்ட இரு விடைகளே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சி நிற்கும் பணி

இவ்வரலாறு மலேசியத் தமிழருக்கு உணர்த்துவது யாது? கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில், லங்காட் ஆற்றையொட்டிக் கேரித்தீவை எதிர்நோக்கி அமைந்த ஊர் தெலுக் பங்லிமா காராங். இரப்பரும் பின்னர் எண்ணெய்ப்பனையும் சூழ்ந்த அப்பகுதியில் தோட்டமும் கோயிலும் பள்ளியும் தமிழர் வாழ்வின் மூன்று தூண்களாக இருந்தன. இன்று தொழிற்சாலைகளும் அவ்வூரின் அடையாளமாயின. மின்னணுப் பொருள்களைச் செய்யும் தொழிலில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பலரின் கைகள் தேர்ந்துள்ளன. எந்திரத்திற்கு அஞ்சும் சமுதாயம் அன்று இது.

பிரிக்பீல்ட்சில் 1981ஆம் ஆண்டு தோன்றிய நுண்கலைக் கோயில் போன்ற நிலையங்களில் மரபிசை முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே கற்பிக்கப்படும் கீர்த்தனைகளுக்கு அச்சில் குறிப்பு உண்டு, அவை அழியா. குறிப்பில்லாதவை தோட்டத்துப் பாட்டுகளே. நீலாம்பரிச் சாயலில் பாட்டி பாடிய தாலாட்டு, செஞ்சுருட்டியில் துள்ளிய காவடிச்சிந்து, திருவிழாக் கும்மி, கோலாட்டப் பாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி, உருமி மேளத்தின் அடிவகை ஆகியவை லயன் வீடுகளில் காதோடு காதாக வளர்ந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது, ஒரே திண்ணையில் கூடிப் பாடியவர்கள் பல அடுக்ககங்களுக்குச் சிதறினர். சொல்லை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். மெட்டை முழுமையாகப் பாடிக்காட்டுவோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

இம்மண்ணின் தமிழர் இருவர் பணியை இங்கு நினைத்தல் தகும். கவிஞர் முரசு நெடுமாறன் 1997ஆம் ஆண்டு 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டு இந்நாட்டுத் தமிழ்க் கவிதையைச் சிதறாமல் காத்தார். அவர் புதல்வர் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு தொடங்கிய 'முரசு' மென்பொருளால் தமிழெழுத்தைக் கணினியில் ஏற்றினார். தந்தை சொல்லைத் தொகுத்தார். மகன் எழுத்துக்கு எந்திரத்தில் இடம் தேடித் தந்தார். சொல்லும் எழுத்தும் அமைந்துவிட்ட பின், மக்கள் பாட்டின் மெட்டைத் தொகுக்கும் பணி பெரிதும் எஞ்சி நிற்கிறது.

ஒலிப்பதிவு இருக்கையில் எழுத்து எதற்கு என்று வினவலாம். ஒலிப்பதிவு ஒருவர் ஒருநாள் பாடியதைக் காக்கும். எழுத்து, பாட்டின் அமைப்பைக் காட்டும், ஒப்புநோக்க உதவும், பிறர் சுருதிக்கு மாற்றித் தரும், மாணவர் கையில் பாடமாகும். இரண்டும் வேண்டும். பதிவைக் கேட்டு எழுதி, எழுதியதைக் கருவியில் ஒலிக்கச் செய்து, பாடிய மூதாட்டியிடமே அதனைக் கேட்கச் செய்து 'சரிதானா' என்று வினவுதல் சிறந்த முறை. அவர் தலையசைத்தால் எழுத்து செவ்விது. அவர் முகம் சுளித்தால், எழுதாமல் விட்ட அசைவு எதுவென்று தேட வேண்டும். தேடிக் கண்ட அடையாளத்திற்கு விளக்கமும் எழுதி வைத்தல் வேண்டும். குடுமியான்மலையின் ஊமைப் புள்ளிகள் தரும் எச்சரிக்கை அது.

இதற்கு வேண்டிய கருவிகள் அரியன அல்ல. ஒரு கணினி, ஒரு சிறிய விசைப்பலகை, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், சுரம் அறிந்த ஓர் ஆசிரியர், ஆர்வமுள்ள நான்கு மாணவர் போதும். ஒரு பள்ளி ஆண்டுக்குப் பத்துப் பாட்டை எழுதினாலும் பத்தாண்டில் நூறு பாட்டு நிலைபெறும்.

பரிபாடலுக்கு இசை வகுத்தோரின் பெயர்களைப் படிக்கும் மாணவர், அவ்விசை எங்கே என்று ஆசிரியரிடம் கேட்கக்கூடும். அதற்கு விடை கூற இயலாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் தமிழர் என்ன பாடினர், எவ்வாறு பாடினர் என்று நூறாண்டு கழித்து ஒரு மாணவர் கேட்பாராயின், அதற்கு விடை கூற இயலும். பாடுவோர் உள்ளபோதே எழுதிவைத்தல் அதற்கு வழியாகும்.